எழக்கூடாத கால்மணி நேரம்

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். விசில் ஊதியாகிவிட்டது. இனி கால்மணி நேரத்துக்கு நான் ஒன்றும் செய்யக் கூடாது, அதுதான் வேலை. நாற்காலியை விட்டு எழக் கூடாது. வாயைக் கையால் பொத்தக் கூடாது. குனிந்து மேஜைக்கு அடியில் தலையைக் கொண்டுபோகக் கூடாது, அங்கே என்ன செய்வோம் என்று போட்டி நடத்துகிறவர்களுக்குத் தெரியும். உள்ளே போனது உள்ளேயே தங்க வேண்டும். தாங்காதவன் வலது கையைத் தூக்கலாம், தூக்கினால் தின்றதெல்லாம் தின்னாததாகிவிடும். கூட்டத்துக்கு இது புரிவதில்லை. பத்து நிமிடம் நாங்கள் அவித்த முட்டையை விழுங்கியதுதான் போட்டி என்று நினைத்துக் கைதட்டிவிட்டு, பந்தலுக்கு வெளியே இலவச ஆம்லெட் கொடுக்கும் இடத்தில் போய் வரிசை கட்டி நிற்கிறது. எனக்கும் பக்கத்தில் இருக்கிற திண்டுக்கல்காரருக்கும் தெரியும், போட்டி இப்போதுதான் ஆரம்பம். நான் முப்பத்தி ஏழு முட்டை, அவர் முப்பத்தி ஆறு. மற்ற நான்கு பேரும் இருபதைத் தாண்டவில்லை, சும்மா மரியாதைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்கரு வழுக்கிக்கொண்டு போய்விடும், அதில் சிரமமே இல்லை. மஞ்சள்கருதான் எதிரி. தொண்டையில் சிமெண்டுப் பூச்சு மாதிரி அப்பிக்கொள்ளும். தண்ணீர் விட்டால் இளகும், இன்னும் கொஞ்சம் விட்டால் வயிற்றில் முட்டை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். முப்பத்தி மூன்றாவதில் ஒரு வாய் அதிகமாகக் குடித்துவிட்டேன். அந்த ஒரு வாய் இப்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆடுகிறது. மூச்சை மேலாக விட வேண்டும், மூக்கால், கழுத்து வரைக்கும் மட்டும். முட்டையை நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்க வேண்டும். மேனகாவை நினைக்கலாம். வேண்டாம், அவளையும் இப்போது நினைக்காமலிருப்பதுதான் நல்லது.

ஆனால் செல்போன் எதிரிலேயே கிடக்கிறது, அவள் எந்த நேரமும் கூப்பிடுவாள். உட்காரும் முன்பு எல்லோரையும் பையை உதறிக் காட்டச் சொன்னார்கள். போன வருஷம் பரமத்தியில் ஒரு மகானுபாவன் ஒன்பது முட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஜெயித்த சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான், அதெல்லாம் ஒவ்வொன்றாக மேடையில் உருண்டது, அதிலிருந்து இந்தச் சட்டம். அதனால் என் உடைமை எல்லாம் மேஜைமேல் இருக்கிறது. செல்போன், கண்ணாடிக் கூடு, வாழையிலையில் கட்டிய ஒரு முழம் மல்லிகை. பூ மேனகாவுக்கு. என் மகள். வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். மூன்று வருஷத்தில் தீபாவளி பொங்கல் தவிர அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாமனார் வீட்டைவிட்டு ராசிபுரத்தில் தனிக்குடித்தனம் வந்துவிட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வேலையாக ஓசூர் போகிறாராம், அரிசிம்பருப்பு சாதம் செய்கிறேன், ஒரு மணிக்கு வாங்க, நீங்களும் நானும் மட்டும்தான் என்றாள். பிறகு, “இப்பெல்லாம் போட்டிக்குப் போறதில்லீங்களாப்பா?” என்று கேட்டாள். அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு கண்ணு என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. இங்கே பதினைந்து நாளைக்கு முன்பே பேர் கொடுத்திருந்தேன், ஆனால் பேர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் அது போகாததுதானே. இன்று காலையிலும் போவதாக இல்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில்தான் பந்தல். எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். மேடையில் ஆறு நாற்காலி, ஐந்தில் ஆட்கள். மூணாம் நம்பர் நல்லமுத்து அண்ணன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று மைக்கில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறோம். ராசிபுரத்தில் ஒருத்தி எனக்காகக் காத்திருப்பாள் என்பது அந்த நேரம் பார்த்து எங்கே போயிற்று. அவள் காத்திருப்பது காதில் விழவில்லை, இது மைக்கில் விழுந்தது. பத்து மணிக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடிந்துவிடும், ஒரு மணிக்குள் வயிறு இளகிவிடும், நான் சாப்பிடாத சாப்பாடா என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

நான்கு நிமிடம் ஆகிவிட்டது. மஞ்சள்கரு மேனகாவுக்குப் பிடிக்குமா? இந்தக் கேள்வி இருபதாவது முட்டையில் வந்தது, இன்னும் போகவில்லை. சின்னப் பிள்ளைகள் சிலது வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை வைத்துவிடும், சிலது மஞ்சளை முதலில் தோண்டி எடுத்துத் தின்னும். இவள் எந்த வகை? தெரியவில்லை. ஏழு வயதில் இவளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மேடையின் ஓரத்தில் என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், நான் இந்தக் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது வியர்வை துடைக்கத் துண்டை நீட்டினாள். அது மோகனூரில். அன்றைக்கு நான் எத்தனை இட்லி என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன், நாற்பத்தி இரண்டு. அவள் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள்? ஏதாவது சாப்பிட்டாளா? வீட்டில் முதலில் எனக்குத்தான் தட்டு விழும். நான் எழுந்தபிறகு அவள் அம்மா பூங்கொடியும் அவளும் உட்காருவார்கள், நான் வாசலில் பாயை விரித்து மல்லாந்து கிடப்பேன். கூடவே உட்கார்ந்த நாளிலும் நான் தட்டைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. சோற்றைப் பிசைவாளா, உருட்டுவாளா, மோருக்கு ஊறுகாய் கேட்பாளா. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. இதே திண்டுக்கல்காரரைக் கேளுங்கள், மனிதரின் பேர்கூட ஒழுங்காகத் தெரியாது, ஒன்பது போட்டியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரு வார்த்தை பேசினதில்லை, ஆனால் அவர் இடது கடைவாயில்தான் மெல்லுவார், ஐந்துக்கு ஒரு தரம் கண்ணை மூடுவார், தாங்க முடியாமல் போனால் காதுமடல் சிவக்கும் என்று எல்லாம் தெரியும். இப்போது சிவந்திருக்கிறது. மஞ்சள்கரு அவளுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா. பூங்கொடி இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்.

பூங்கொடி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். எனக்குப் போதும் என்பது தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். பழகிப் பழகி வயிறு மரத்துவிட்டது, நிறைந்ததும் சொல்லாது, காய்ந்ததும் சொல்லாது. வீட்டில் என்றால் கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள், அதற்குமேல் சோறு இல்லை என்று அர்த்தம். வெளியிடத்துப் பந்தியில் என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முழங்கையில் ஒரு விரலால் அழுத்துவாள். அந்த விரல் பட்டதும் நான் இலையை மடித்துவிடுவேன். இப்போது போதுமா போதாதா என்று சொல்ல ஆளில்லை, கடைப் பொட்டலம் தீர்ந்தால் சாப்பாடு முடிந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே தின்றுவிடுவேன், ஒரு ஆளுக்கு உட்காருவானேன் என்று. வேலையும் அப்படி. சேலம் ரோட்டில் எடைமேடை, கண்ணாடிக் கூண்டுக்குள் நான் ஒருவன். லாரி காலியாக வரும், ஏறி நிற்கும், எழுதுவேன். பாரத்தோடு திரும்பி வரும், எழுதுவேன். டிரைவர்கள் கையை மட்டும் ஜன்னலுக்குள் நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள், முகம் தெரியாது. ஒரு தடவை போட்டிக்குப் போகும் முன்பு நானே அதில் ஏறி நின்று பார்த்தேன், வந்தபிறகும் ஏறி நின்றேன். லாரிக்கு வைத்த மேடை, இருபது இருபது கிலோவாகத்தான் நகரும். போகும்போதும் எண்பது, வந்தபோதும் எண்பது. நாற்பது இட்லியை அது மதிக்கவே இல்லை. சரி, வயசு ஐம்பத்தி மூன்றாகிறதே, இந்த மனிதன் எதற்கு இன்னும் போட்டி போட்டி என்று அலைகிறான் என்று கேட்டால், கோப்பைக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லுவேன். கோப்பையெல்லாம் பரணில் கிடக்கிறது. உண்மையைச் சொன்னால் நான் இன்னொரு ஆளோடு தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் இது ஒன்றுதான். கல்யாணப் பந்தி எனக்குக் கிடையாது. அது மூன்று வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

அதை நினைக்க வேண்டாம். ஐந்து நிமிடம், இல்லை, ஐந்தரை. நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். மேனகாவுக்கு நிச்சயம். திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை வீட்டில். பெண்ணுக்கு அம்மா இல்லை, அப்பன் ஒருத்தன், அதனால் என்னைச் சம்பந்திக்குப் பக்கத்தில் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். நீள மேஜை, வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது, வலது கைப்பக்கம் தண்ணீர் பாட்டில். அந்தத் தண்ணீர் பாட்டில்தான் முதல் வினை, போட்டி மேஜையிலும் அது அதே பக்கம்தான் இருக்கும். எதிரில் மாப்பிள்ளையின் தாய்மாமன். நல்ல வேகக்காரர், பருப்புச் சோற்றை நான்கு வாயில் முடித்துவிட்டுச் சாம்பாருக்குப் பள்ளம் பறித்தார். எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் இல்லை, கை. கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முழங்கையில் அழுத்த விரல் இல்லை. வடையை இரண்டாக மடித்துத் தண்ணீரில் நனைத்துக்கூட விழுங்கியிருக்கிறேன், எனக்கு ஞாபகமில்லை, பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். ரசவாளி அப்போதுதான் பந்தியின் அந்தக் கோடியில் புறப்பட்டது. இங்கே என் இலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. போட்டியில் தட்டைக் காலி செய்ததும் ஒரு வழக்கம் உண்டு, கால்மணி நேரத்தில் தூக்குவது வேறு, இது வேறு, வலது கையை மேலே தூக்க வேண்டும், நடுவர் வந்ததும் வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டி உள்ளே ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். நான் கையைத் தூக்கினேன். தூக்கினேன், பரிமாறுகிறவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார், அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து காட்டினேன். சாம்பார்க் கரண்டியோடு அவர் அப்படியே நின்றார். யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு பந்தியே சிரித்தது. தாய்மாமன் மட்டும் தோற்றுப்போன மாதிரி என்னைப் பார்த்தார். மேனகா பட்டுப்புடவையோடு கதவருகில் நின்றிருந்தாள், அவள் சிரிக்கவில்லை. கையை உடனே இறக்கியிருக்கலாம், எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

அதை யாரோ செல்போனில் பிடித்து அவர்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் நடந்தது, அதில் குறையில்லை, நல்ல மனிதர்கள், அதற்காகப் பெண்ணை வேண்டாம் என்கிறவர்கள் இல்லை. கல்யாணத்தன்று மேனகா என்னிடம் வந்து, பந்தியில உக்கார வேண்டாங்கப்பா என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள். நான் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று எல்லோரையும் சாப்பிட வாங்க சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்து மேஜை துடைத்ததும் பஸ் ஏறி வந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடாதது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது இந்த வியாழக்கிழமைதான். தனிக்குடித்தனம் எதற்கு வந்தீங்க, அங்கே ஏதாவது சண்டையா என்று கேட்டேன். சண்டை ஒன்றும் இல்லை என்றாள். அந்த வீட்டில் இவள் சோற்றுக்கு மறுபடி கையை நீட்டினால், அப்பனுக்குப் பொண்ணு தப்பாமப் பொறந்திருக்குது என்று யாராவது சொல்வார்களாம், விளையாட்டாகத்தான். கை தூக்கிக் காட்டுவார்களாம் குழந்தைகள்கூட. “மூணு வருஷத்துல நான் அங்க ரெண்டாவது தடவ சோறு கேட்டதில்லீங்கப்பா” என்றாள். அழாமல் சொன்னாள். மாவு என்ன விலை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் கையைத் தூக்கியது அரை நிமிடம் இருக்குமா? அந்த அரை நிமிடத்துக்கு அவள் மூன்று வருஷம் அரை வயிறு. அதைக் கேட்ட பிறகும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள். எனக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை, நாய்கூட அடிபட்ட இடத்துக்கு மறுபடி போகாது.

ஏழு நிமிடம். தண்ணீர் ஒரு அங்குலம் மேலே வந்திருக்கிறது. நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது, புளித்த எச்சில், இது நல்லதில்லை. மூச்சு, மூக்கால், மெதுவாக. பரிசை நினைத்துக்கொள்ளலாம். முதல் பரிசு ஒரு வருஷத்துக்கு வாரம் ஓர் அட்டை முட்டை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அட்டைக்கு முப்பது. தனிக்கட்டை நான் என்ன செய்வேன், ராசிபுரத்துக்குக் கொண்டுபோவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கையில் முட்டை அட்டையோடு மகள் வீட்டு வாசலில் நிற்கலாம். சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் வீட்டுக்கு எத்தனை தடவை போக முடியும், முட்டை கொடுக்க வந்தேன் என்று ஐம்பத்திரண்டு தடவை போகலாம். உள்ளே வாங்க என்பாள், ஒரு வாய் காபி குடிப்பேன், அதற்கு எந்தப் பந்தியும் வேண்டாம். இன்னும் எட்டு நிமிடம் தாங்கினால் ஒரு வருஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. அவள் கேட்டால் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். வாரா வாரமா? சொல்லிவிடலாம். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு ஒரு டாக்டர் பின்னால் நிற்கிறார், அது ஒரு தைரியம். வீட்டில் ஒரு வாய்ச் சோறு தொண்டையில் நின்றுவிட்டால் என் தலையில் தட்ட ஆளில்லை, எடைமேடைக்கு நான் வரவில்லை என்று லாரிக்காரன் யாராவது ஹாரன் அடித்தால்தான் உண்டு, அந்தப் பயம் தினமும் முதல் வாயில் வந்துவிட்டுப் போகும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிப் பூங்கொடி என் உச்சந்தலையில் தட்டுவாள். யாருங்க அது, இந்நேரத்துக்கு உங்கள நினைக்கறது என்று கேலி வேறு. அவள் போனபிறகு எனக்குப் புரையேறினதாக ஞாபகமே இல்லை. இப்போது தொண்டையில் என்னவோ அரிக்கிறது. இருமக் கூடாது. இருமினால் எல்லாம் போயிற்று. விழுங்கு. விழுங்கு. செல்போன் மேஜையில் கிடந்து அதிர்கிறது, மல்லிகைப் பொட்டலமும் கூடவே நடுங்குகிறது, மேனகா.

போன் பேசக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. நடுவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் காதில் வைத்தேன். கெளம்பிட்டீங்களாப்பா என்றாள், ம் என்றேன். ஒரே சத்தமா இருக்குது, பஸ் ஸ்டாண்டுங்களா என்றாள், அதற்கும் ம் என்றேன். வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய பொய்யாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள். ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. என்னைப் பார்த்து யாரும் கேட்பதில்லை, இவனிடம் இதைப் போய்க் கேட்பானேன் என்று விட்டுவிடுவார்கள். ஆறு வருஷமாக ஒருவர் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன். “இல்ல கண்ணு, இன்னும் ஒண்ணும் சாப்பிடல.” அதற்கென்றே காத்திருந்த மாதிரி மைக் பிடித்தவர், மூணாம் நம்பர் நல்லமுத்து அண்ணன், முப்பத்தி ஏழு முட்டைய முழுங்கிப்போட்டு அசையாம உக்காந்திருக்கறாருங்க, பலத்த கைதட்டல் குடுங்க என்றார். நான்கு ஒலிபெருக்கியிலும் அது கேட்டது, போனிலும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அதை அவள் மூடுவது கேட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். உக்காந்திருக்கீங்களா என்றாள். மோகனூரில் துண்டு பிடித்தவளுக்கு இந்தக் கால்மணி நேரம் தெரியாதா என்ன. ஆமா என்றேன். இன்னும் எத்தன நிமிஷம் என்றாள். ஏழு என்றேன்.

“எனக்குப் பசிக்குதுங்கப்பா” என்றாள். “ஒரு மணிக்கு நான் உக்காந்துக்குவேன், உங்களுக்காகப் பாத்துட்டிருக்க மாட்டேன். ரெண்டாவது சோறு போட்டுக்குவேன், மூணாவதும் போட்டுக்குவேன், இந்த வீட்ல எண்ணறதுக்கு ஆளில்ல. உங்களுக்குத் தட்டு வெக்கப் போறதில்ல. வந்தா எதிர்ல உக்காந்து, நான் சாப்பிடறத ஒரு நாளாச்சும் பாருங்க.” வைத்துவிட்டாள். கோபமா, கூப்பிடுகிறாளா, இரண்டுமா. இரண்டும்தான் என்று எனக்குப் பட்டது. பன்னிரண்டு பத்து. பஸ் ஸ்டாண்டு நடந்தால் ஐந்து நிமிடம், ராசிபுரம் நாற்பது நிமிடம். இப்போது எழுந்தால் ஒரு மணிக்கு அவள் வாசலில் நிற்கலாம். இன்னும் ஏழு நிமிடம் உட்கார்ந்தால் அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் பேசுவார், பொன்னாடை, படம் பிடிப்பது, அவள் தட்டைக் கழுவி வைத்திருப்பாள். ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் முட்டை அட்டையோடு ஐம்பத்திரண்டு பொய். திண்டுக்கல்காரரைப் பார்த்தேன், காதுமடல் ரத்தச் சிவப்பு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார், இன்னும் இரண்டு நிமிடம்கூடத் தாங்க மாட்டார், நான் சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பதில் நான் கெட்டிக்காரன். வலது கை மடியில் கிடந்தது. அன்றைக்குத் திருச்செங்கோட்டில் என்னைக் கேட்காமல் போன கை, இப்போது நான்தான் அதைத் தூக்க வேண்டியிருந்தது, பாரமாக இருந்தது. தூக்கினேன்.

டாக்டர் வாளியோடு ஓடி வந்தார். நடுவர் குனிந்து, என்னாச்சுண்ணே, முடியலீங்களா என்றார். பரிசு போயிரும், இன்னும் ஆறரை நிமிஷம்தான், பல்லைக் கடிச்சிட்டு உக்காருங்க என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். “ஒண்ணுமில்லீங்க, மக சாப்பிட உக்காரப் போறா, நேரமாச்சு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. திண்டுக்கல்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஒன்பது போட்டியில் முதல் தடவையாக, போயிட்டு வாங்க என்று உதட்டைத் திறக்காமல் தலையை ஆட்டினார். மைக்கில் என் பேரையும் நம்பரையும் சொல்லி ரத்து என்றார்கள். கண்ணாடிக் கூடு, செல்போன், பூ, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். தட்டில் முட்டை மீதி இருந்தது, நான் தின்னாமல் விட்டது. அதிலிருந்து இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், ஒளிக்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மஞ்சள்கருவைத் தின்கிறாளா, ஒதுக்கி வைக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.